ஒரே அச்சில் வார்த்த நகரம்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவையும் உடையையும் ஒருவன் தன் ஆற்றலுக்கேற்பத் தானே தேடிக்கொள்ளலாம். உறையுள் அத்தகையதன்று. சுவரும் கூரையும் கதவும் சாளரமும் சேர்ந்த அளவில் வீடு முடிந்துவிடுவதில்லை. அது நிற்கும் தெரு, பிள்ளைகள் பயிலும் பள்ளி, பொருள் வாங்கும் கடை, மாலையில் வாயிலில் நின்று உரையாடும் அயலார் ஆகிய அனைத்தும் வீட்டோடு சேர்ந்தே வருகின்றன. வீட்டுக்கு விலை கொடுப்பவன் அயலாருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறான் எனின் மிகையாகாது. ஆகவே, புதியதொரு நகர் எழும்போது, வீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவோடு, அவ்வீட்டில் யார் குடியேறலாம் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. முதல் வினாவைத் தச்சரும் கொத்தரும் தீர்த்துவிடுவர். இரண்டாம் வினா அத்துணை எளிதில் தீர்வதன்று.

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய இளங்கோவடிகள் அந்நகரை இரு பாக்கங்களாகப் பிரித்துக் காட்டுகின்றார். பட்டினப்பாக்கத்தில் வணிகர்க்கும் மறையோர்க்கும் உழவர்க்கும் தனித்தனி வீதிகள் இருந்தன. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்திலோ, கடல் கடந்து வந்த பல நாட்டு வணிகர் ஒருங்கு கலந்து வாழ்ந்தனர். பிரிந்து வாழ்தல், கலந்து வாழ்தல் ஆகிய இரண்டும் மக்களுக்குப் பழகிய வழக்கங்களே என்பது இதனாற் புலப்படும். ஆனால் பழைய நகரங்களில் இவ்வழக்கங்கள் பல தலைமுறைகளில் தாமே உருவாயின. முன்பு ஒரு குடிசையும் இல்லாத வெறும் வயலில் நான்கே ஆண்டுகளில் பதினேழாயிரம் வீடுகளை எழுப்பி, யார் வரலாம், யார் வரலாகாது என்று எழுத்திலே வரைந்து வைத்த நகர் ஒன்று சென்ற நூற்றாண்டின் இடையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றியது. அந்நகரின் பெயர் லெவிட்டவுன். அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது விரிவாகக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு கோடியே அறுபது இலட்சம் அமெரிக்கர் படைப்பணி புரிந்தனர். 1945-ஆம் ஆண்டில் போர் முடிந்தது. வீரர் ஊர் திரும்பினர், மணம் செய்துகொண்டனர், மக்களைப் பெற்றனர். ஆனால் குடியிருக்க வீடு இல்லை. பொருளாதார வீழ்ச்சியும் அதனை அடுத்து வந்த போருமாகப் பதினைந்து ஆண்டுகள் அந்நாட்டில் வீடு கட்டும் தொழில் பெரிதும் நின்றுபோயிருந்தது. போரில் வென்று வந்த இளைஞன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாமனார் வீட்டு மூலையறையில் ஒடுங்கிக் கிடந்தான். படைவீரர்க்கென அமைத்த தகரக் கொட்டகைகளிற் சிலர் தங்கினர். சிகாகோ நகரில் பயனற்ற பழைய டிராம் வண்டிகளையும் வீடாக்கிக்கொள்ள விலைக்கு வாங்கினர் என்றால், அக்காலத்து நெருக்கடியை நாம் உணரலாம்.

அரசு கை கொடுத்தது. 1934-ஆம் ஆண்டில் தோன்றிய கூட்டரசின் வீட்டுவசதி நிருவாகம், வங்கிகள் வீடு வாங்குவோர்க்குக் கொடுக்கும் நீண்டகாலக் கடனுக்குப் பொறுப்பேற்றது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போர்வீரர் கையில் முன்பணம் இல்லாமலே கடன் பெற வழி செய்தது. கடன் கிடைத்தது; வாங்குவோர் இருந்தனர்; விற்பதற்கு வீடுதான் இல்லை. அக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஆபிரகாம் லெவிட் என்பவரும் அவருடைய மைந்தர் இருவரும் ஆவர். மூத்தவர் வில்லியம் வாணிகத்தில் வல்லவர். இளையவர் ஆல்பிரட் வீட்டின் வரைபடம் வகுப்பவர். முதியவராகிய தந்தையோ மரங்களிலும் புல்தரையிலும் பேரன்பு பூண்டவர். போர்க்காலத்தில் வர்ஜீனியா மாநிலத்து நார்போக்குத் துறைமுகத்தில், தொழிலாளர்க்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் கொடுத்த பழக்கம் இவர்களுக்கு இருந்தது.

நியூயார்க்கு மாநகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டு என்னும் நீண்ட தீவு உள்ளது. அங்கே முப்பது மைல் தொலைவுக்குள் உருளைக்கிழங்கு விளைந்த வயல்கள் பரந்து கிடந்தன. கிழங்கின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழுவால் விளைச்சல் குன்றவே, உழவர் நிலத்தை விற்க இசைந்தனர். அந்நிலத்தை வாங்கிய லெவிட் குடும்பத்தார், 1947-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் முதற் குடும்பங்களைக் குடியேற்றினர். 1951-ஆம் ஆண்டு முடிவதற்குள் அங்கு எழுந்த வீடுகளின் தொகை 17,447.

இத்துணை விரைவு எங்ஙனம் இயன்றது? மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வண்டி நகரும். தொழிலாளர் நின்ற இடத்தில் நிற்பர். வீடு நகராது. ஆகவே லெவிட் தொழிலாளரை நகர்த்தினார். வீடு கட்டும் பணியை ஏறத்தாழ இருபத்தேழு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழுவிடம் ஒப்படைத்தார். ஒரு குழு தரையைச் சமன் செய்து காங்கிரீட்டுத் தளம் இட்டுச் செல்லும். அடுத்த குழு மரச்சட்டம் நிறுத்தும். அதற்கடுத்தது கூரை வேயும். வெள்ளை வண்ணம் பூசுபவன் வெள்ளையையே பூசிக்கொண்டு தெரு முழுதும் செல்வான்; சிவப்புப் பூசுபவன் அவன் பின்னே வருவான். மரத்தைக் கலிபோர்னியாவில் இருந்த தம் சொந்த ஆலையில் அறுத்தனர்; ஆணியையும் தாமே செய்துகொண்டனர். பணி மும்முரமாக நடந்த நாளில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் முடிவெய்தின.

அவ்வட்டாரத்துக் கட்டட விதி, ஒவ்வொரு வீட்டின் கீழும் நிலவறை இருத்தல் வேண்டும் என்றது. நிலவறை தோண்டினால் செலவும் காலமும் பெருகும். 1947-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஊரவை இதனை ஆராய்ந்தபோது, வீடற்ற வீரரும் அவர்தம் மனைவியரும் பெருந்திரளாக அவைக்குச் சென்று விதியை மாற்றும்படி வேண்டினர். அவை இசைந்தது. நிலவறை நீங்கியது, காங்கிரீட்டுத் தளத்தினுள்ளே குழாய்களைப் புதைத்து வெந்நீரை ஓடச் செய்து, குளிர்காலத்தில் தரையே வீட்டைச் சூடாக்கும்படி ஆல்பிரட் அமைத்தார்.

இனி, அவ்வீட்டினுள்ளே சென்று காண்போம். முதலிற் கட்டிய வீடு 750 சதுர அடி பரப்புடையது. 60 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனையின் நடுவே அது நின்றது. கூடம் ஒன்று, சமையலறை ஒன்று, படுக்கையறை இரண்டு, குளியலறை ஒன்று, இவ்வளவே. ஆனால் மேலே செல்லும் படிக்கட்டு ஒன்று வைத்து, கூரையின் அடியில் உள்ள இடத்தை முடிக்காமல் வெறுமனே விட்டிருந்தனர். குடும்பம் பெருகும்போது வீட்டுக்காரர் தம் கையாலேயே அங்கு இரண்டு அறைகள் அமைத்துக்கொள்ளலாம். வருவாய் குறைந்த இளங்குடும்பத்துக்கு இஃது ஏற்ற ஏற்பாடு. கட்டியவர் முழுதும் கட்டி முடிக்காமையே அவ்வீட்டின் சிறப்பு என்று கூறுவேன்.

1949-ஆம் ஆண்டில் புதுவகை வீடு ஒன்று வந்தது. பரப்பு 800 சதுர அடி. விலை 7,990 டாலர். அதில் சமையலறை தெருவை நோக்கி முன்புறம் வந்தது; கூடம் பின்புறம் சென்றது. கூடத்தின் பெரிய கண்ணாடிச் சாளரம் கொல்லைப் புல்தரையை நோக்கியது. அடுப்படியில் நிற்கும் தாய் தெருவில் ஆடும் பிள்ளைகளை ஒரு சாளரத்தின் வழியே கண்காணிக்கலாம். சலவை இயந்திரமும் வீட்டோடு சேர்ந்தே கிடைத்தது. 1950-ஆம் ஆண்டு வீட்டில் படிக்கட்டின் பக்கச் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியைப் பதித்தே கொடுத்தனர். 1949-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விற்பனை தொடங்கியபோது நான்கு நாள் வரிசையில் காத்து நின்றோரும் உண்டு. ஒரே நாளில் 1,400 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

வீடுகள் ஒன்றுபோல் இருந்தமையால் வாழ்வும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்று நிறுவனத்தார் எண்ணினர் போலும். வேலி கட்டலாகாது, புல்லை வாரந்தோறும் வெட்டுதல் வேண்டும், நீண்ட கொடியில் துணி உலர்த்தலாகாது என்றெல்லாம் விதிகள் வகுத்தனர். வீட்டுக்கு வீடு பழமரக் கன்றுகள் நட்டனர். ஒன்பது நீச்சற்குளங்களும் விளையாட்டிடங்களும் கடைத்தெருக்களும் அமைத்தனர். வேலை முடிந்து இரவில் வீடு திரும்பியவர் வழி மயங்கி அயலார் வீட்டுக் கதவைத் திறந்தார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நகரியல் அறிஞர் இக்காட்சியைக் கண்டு முகம் சுளித்தனர். லூயிசு மம்போர்டு என்னும் பேரறிஞர் 1961-இல் எழுதிய வரலாற்று நூலில், ஒரே வகை வீடு, ஒரே வகை மக்கள், ஒரே வகை உணவு என இப்புறநகர் வாழ்வைக் கடிந்துரைத்தார். இக்கண்டனத்தில் ஒரு பகுதி எனக்கு உடன்பாடன்று. ஒருபோல் இருந்தாலும் தூய காற்றும் தனிக் குளியலறையும் உடைய வீட்டைப் பெற்ற ஏழைத் தாயிடம் சென்று, ‘உன் வீட்டு முகப்பில் அழகில்லை’ என்று கூறுவது வயிறு நிறைந்தோர் பேச்சாகும். நெருங்கிய நகர்த் தெருக்களில் இத்தாலியர் ஒரு பக்கமும் அயர்லாந்தினர் ஒரு பக்கமும் யூதர் ஒரு பக்கமுமாக வாழ்ந்திருந்தனர். லெவிட்டவுனில் அவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினர். ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொண்டனர். புல் வெட்டும் கருவியை ஒருவர்க்கொருவர் இரவல் கொடுத்தனர். பல சமயத்தார் ஒரே தெருவில் கலந்து வாழ இயலும் என்பதை அந்நகரே மெய்ப்பித்தது. ஆகவே, அந்நகரின் பெருங்குறை வீடுகளின் ஒப்புமையில் இல்லை. அது வேறோரிடத்தில் இருந்தது.

தொடக்கத்தில் வீடு பெற்றோர் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரத்தில், காக்கேசிய இனத்தார் அல்லாத எவரும் அவ்வீட்டிற் குடியிருக்கவோ அதனைப் பயன்படுத்தவோ விடலாகாது என்று ஒரு விதி இருந்தது. வீட்டு வேலையாள் மட்டும் விதிவிலக்கு. கறுப்பினத்தான் ஒருவன் அவ்வீட்டில் பாத்திரம் துலக்கலாம்; உறங்கி எழுந்து அதனைத் தன் வீடென்று கூறலாகாது. ஐரோப்பாவில் வெள்ளையரோடு ஒரே போரில் ஈடுபட்டுத் திரும்பிய கறுப்பின வீரரும், விற்பனை நிலையத்துக்கு வந்து வெறுங்கையோடு மீண்டனர்.

இதனை ஒரு நிறுவனத்தாரின் தனிக்கொடுமை என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. கூட்டரசின் வீட்டுவசதி நிருவாகமே, கறுப்பினத்தார் புகுந்தால் அப்பகுதியின் வீட்டு மதிப்புக் குறையும் என்று கருதி, இத்தகைய விதிகளைப் பத்திரத்தில் எழுதும்படி தன் வழிகாட்டு நூலில் பரிந்துரைத்திருந்தது. அரசின் பொறுப்பேற்பு இல்லையேல் வங்கி கடன் கொடாது. கடன் இல்லையேல் நகர் எழாது. 1948-ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தகைய இனவிலக்கு விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அவ்விதி பத்திரத்திலிருந்து நீங்கிற்று. ஆயினும் நடைமுறை மாறவில்லை. வில்லியம் லெவிட், தம் மனத்தில் இனவெறுப்பு இல்லை என்றும், ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையரில் பெரும்பாலோர் வாங்க மாட்டார் என்றும், வீட்டுச் சிக்கலையும் இனச் சிக்கலையும் தம்மால் ஒருங்கே தீர்க்க இயலாதென்றும் விடை கூறினார். 1960-ஆம் ஆண்டில் லாங் ஐலண்டு லெவிட்டவுனில் வாழ்ந்த மக்களுள் கறுப்பினத்தார் மிக மிக அரியர்.

லெவிட் இரண்டாவதாகக் கட்டிய நகர் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வடகிழக்கே, 1952-ஆம் ஆண்டு முதல் எழுந்தது. அதுவும் 17,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. அதற்கும் லெவிட்டவுன் என்றே பெயர். அங்கு 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்ததனை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

வில்லியம் மையர்ஸ் என்பவர் போரில் பணிபுரிந்து மீண்டவர்; குளிர்பதன இயந்திரத் தொழில் அறிந்தவர். அவர் மனைவி டெய்சி, ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு பெண் குழவியும் உடைய அவர்களுக்கு அப்போதிருந்த வீடு போதவில்லை. லெவிட்டவுனில் டீப்கிரீன் லேன் என்னும் தெருவில் முதலில் வாங்கியவர் விற்க முன்வந்த வீடு ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஓர் அறை வேண்டும் என்பது தவிர வேறு நோக்கம் அவர்கட்கு இல்லை. பதினேழாயிரம் குடும்பங்கள் அங்கு வந்ததும் அந்நோக்கத்தோடேயன்றோ? விலையைக் கொடுத்து வீட்டை வாங்கினர்.

புது வீட்டில் டெய்சி தூய்மைப் பணியில் ஈடுபட்டிருந்தபோது அஞ்சற்காரர் வந்தார். கதவைத் திறந்தவர் வேலைக்காரியல்லர், வீட்டுக்கு உரியவரே என்று அறிந்ததும், அச்செய்தியை அவர் வீடு வீடாகப் பரப்பினார். மாலைக்குள் கூட்டம் கூடியது. இரவில் அது நூற்றுக்கணக்காகப் பெருகியது. கல் பறந்தது, பெரிய கண்ணாடிச் சாளரம் நொறுங்கியது. கொல்லைப் பசுமையைக் காண்பதற்கும் ஒளி புகுவதற்குமென அமைத்த அகன்ற சாளரங்களே கல்லெறிவோர்க்கு எளிய குறியாயின. பல நாள் இரவு கூட்டம் கலையவில்லை. காவலர் ஒருவர் கல்லடிபட்டு உணர்விழந்து வீழ்ந்தார். மாநில ஆளுநர் ஜார்ஜ் லீடர் மாநிலக் காவற்படையை அனுப்பிய பின்னரே கூட்டம் அடங்கியது. ஆயினும் எதிர்ப்பாளர் ஓயவில்லை. மையர்ஸ் வீட்டின் பின்புறத்தே ஆளில்லாதிருந்த வீட்டைத் தங்கள் கூடுமிடமாக்கி, அங்கே அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டாரின் கொடியை ஏற்றினர். இரவு முழுதும் உரத்த இசையை முழக்கினர்.

அடுத்த வீட்டில் இருந்த வெக்ஸ்லர் குடும்பத்தார் வெள்ளையர், யூதர். அவர்கள் தொடக்கம் முதல் இறுதிவரை மையர்ஸ் குடும்பத்துக்குத் துணை நின்றனர். அதற்காக அவர்கள் வீட்டுச் சுவரிலும் இனவெறிக் கூட்டத்தின் எழுத்துகளைத் தீட்டினர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரும், அவ்வூரினர் பலரும் முறை வைத்து மையர்ஸ் வீட்டிற் காவல் இருந்தனர், உணவு கொணர்ந்தனர், உடைந்த கண்ணாடியை அப்புறப்படுத்தினர். அக்டோபரில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றார். தொல்லை ஒடுங்கிற்று. மையர்ஸ் குடும்பத்தார் அஞ்சி ஓடவில்லை. 1961-ஆம் ஆண்டுவரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தனர். பின்னர் யார்க்கு என்னும் ஊருக்குச் சென்ற டெய்சி, அங்குப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1999-ஆம் ஆண்டில் ஊராட்சித் தலைவர் அவரை அழைத்து வந்து, ஊரவர் சார்பில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். டெய்சி 2011-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

லெவிட் கட்டிய மூன்றாம் நகர் நியூஜெர்சி மாநிலத்தது. 1958-ஆம் ஆண்டு இறுதியில் மக்கள் அதிற் குடியேறினர். முன்னைய கண்டனங்களாற் பாடம் கற்ற நிறுவனத்தார், இங்கு ஒரே தெருவில் மூன்று வகை வீடுகளைக் கலந்து கட்டினர். மாடி வீட்டின் அருகே ஓரடுக்கு வீடு, அதன் அருகே தாழ்ந்த கூரை வீடு என அமையவே தெருவின் தோற்றம் மாறியது. அறை எண்ணிக்கையும் விலையும் வேறுபட்டன. கறுப்பினத்தார்க்கு விற்க நிறுவனம் மறுத்தபோது வழக்கு எழுந்தது. அரசின் உதவி பெற்ற வீடுகளில் இனவேற்றுமை காட்டலாகாது என்னும் மாநிலச் சட்டம் செல்லும் என்று 1960-ஆம் ஆண்டில் மாநில உயர்மன்றம் தீர்ப்பளித்தது. லெவிட் பணிந்தார். அப்போது அந்நகரில் தாமே ஒரு வீடு வாங்கிக் குடியிருந்து ஆய்வு நடத்திய ஹெர்பர்ட் கான்ஸ் என்னும் சமூகவியலறிஞர், கறுப்பினக் குடும்பங்கள் பெருங்கலகம் ஏதுமின்றிக் குடியேறியதை 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிற் பதிந்துள்ளார். விற்றால் அனைத்தும் அழியும் என்று பத்தாண்டுக் காலம் கூறிவந்த வணிகரின் அச்சம், சட்டம் வற்புறுத்தியபோது பொய்யாயிற்று.

ஆயினும் அந்நகரின் வரலாறு அங்கு முடியவில்லை. பின்னர் வில்லிங்பரோ என்னும் பழைய பெயரை மீண்டும் ஏற்ற அந்நகரில், கறுப்பினத்தார் தொகை சிறிது சிறிதாக உயர்ந்தது. வீட்டு மதிப்பு வீழும் என்று அஞ்சி வெள்ளையர் சிலர் விற்றனர். தெருவில் ‘விற்பனைக்கு’ என்னும் பலகைகளைக் கண்ட வேறு சிலரும் விற்றனர். இவ்வச்சத் தொடரை அறுக்கக் கருதிய நகரவை, வீட்டு வாயிலில் அத்தகைய பலகை வைத்தலையே தடை செய்தது. நோக்கம் நல்லதே. எனினும் 1977-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அத்தடை மக்களின் பேச்சுரிமைக்கு மாறானது எனத் தள்ளுபடி செய்தது. கலந்து வாழ்தலைச் சட்டம் தொடங்கி வைக்கலாம். அதனை நிலைநிறுத்துதல் எத்துணைக் கடினம் என்பதனை வில்லிங்பரோ காட்டுகின்றது.

வேறு வழியிற் சென்றோரும் அக்காலத்தில் இருந்தனர். பென்சில்வேனியாவில், லெவிட்டவுனுக்குச் சில மைல் தொலைவிலேயே மாரிஸ் மில்கிராம் என்பவர் 1954-ஆம் ஆண்டு முதல் கன்கார்டு பார்க் என்னும் சிறு குடியிருப்பைக் கட்டினார். அதில் வீடுகள் 139. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஏறக்குறையச் சமமாக இருக்குமாறு அளவு வகுத்து விற்றார். அதனினும் பெரிய முயற்சி மேரிலாந்து மாநிலத்துக் கொலம்பியா நகராகும். ஜேம்ஸ் ரௌஸ் என்பவர் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஏறத்தாழ 14,000 ஏக்கர் நிலத்தை, விலை ஏறாதிருக்கத் தம் பெயர் வெளிப்படாமல் பகுதி பகுதியாக வாங்கினார். 1967-ஆம் ஆண்டில் நகர் திறக்கப் பெற்றது. யாவர்க்கும் விற்பது என்பது அங்கு முதல் நாளே வகுத்த கொள்கை.

கொலம்பியாவின் அமைப்பில் நாம் கருதத்தக்க செய்திகள் சில உள. நகரைப் பல ஊர்களாகப் பிரித்து, ஒவ்வோர் ஊரிலும் தனி வீடு, சுவரொட்டி நிற்கும் தொடர் வீடு, வாடகைக்கு விடும் அடுக்கு வீடு ஆகியவற்றைக் கலந்து வைத்தனர். ஆதலால் நிறுவனத் தலைவனும், பள்ளியாசிரியனும், புதிதாக வேலையில் அமர்ந்த இளைஞனும் ஓரூரில் வாழ முடிந்தது. வீட்டுக்கு வீடு அஞ்சற்பெட்டி வையாமல், பல வீடுகளின் பெட்டிகளை ஓரிடத்தில் தொகுத்து நிறுத்தினர். மடல் எடுக்க வருபவர் நாள்தோறும் அயலாரைக் காண்பர். கண்டால் இரண்டு சொல் பேசுவர் என்பது அவர்தம் கருத்து. நம் ஊர்க் கிணற்றடியும் திண்ணையும் செய்த பணியை அங்கே அஞ்சற்பெட்டி செய்தது. பல சமயத்தார் ஒரே கட்டடத்தில் முறை வைத்து வழிபடும் பொது மன்றங்களையும் அமைத்தனர்.

மார்ட்டின் லூதர் கிங் 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் கொலையுண்டார். அதற்கு ஒரு வாரத்தின்பின், ஏப்ரல் 11-ஆம் நாள், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவை பற்றி வேற்றுமை காட்டலாகாது என்னும் சட்டம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டிலேயே வில்லியம் லெவிட் தம் நிறுவனத்தை வேறொரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் விலை ஏறிவிட்டிருந்தது. 1949-இல் 7,990 டாலருக்குப் பெற்ற லாங் ஐலண்டு வீடு இன்று பல இலட்சம் டாலர் பெறும். அன்று வாங்கிய வெள்ளைத் தொழிலாளி, அம்மதிப்பின் பேரில் கடன் பெற்று மக்களைக் கல்லூரிக்கு அனுப்பினான். முதுமையில் விற்றுப் பிழைத்தான். அல்லது பேரன் பேத்தியர்க்கு விட்டுச் சென்றான். அதே ஊதியமும் அதே போர்ப்பணியும் உடைய கறுப்பினத் தொழிலாளி வாடகை வீட்டில் காலம் கழித்தான். அவன் பேரனுக்குக் கிடைத்தது வாடகைச் சீட்டே. இன்று அந்நாட்டில் இவ்விரு இனத்தாரின் செல்வத்துக்கிடையே உள்ள பெருவேறுபாட்டுக்கு, அக்காலத்து வீட்டுக் கொள்கை ஒரு முதற்காரணம் என்பதனை ரிச்சர்டு ராத்ஸ்டைன் என்பவர் 2017-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைக்கின்றார். கல்லெறிதல் சில வாரங்களில் நின்றது. விற்க மறுத்ததன் விளைவோ மூன்றாம் தலைமுறையிலும் நிற்கின்றது.

இனத்தின் பெயரால் விலக்குதல் சட்டத்துக்கு மாறாகிய பின்னர், வீட்டின் அளவாலும் அமைப்பாலும் விலக்கும் வழக்கம் பல புறநகர்களில் எஞ்சியது. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்குரிய தனிவீடு ஒன்றே கட்டலாம், மனை இத்துணைப் பரப்பு இருத்தல் வேண்டும் என்று நகரவை விதித்துவிட்டால், சிறிய வீடும் தொடர் வீடும் வாடகை வீடும் எழ வழியில்லை. அவற்றை நாடும் முதியோர்க்கும் தனித்து வாழ்வோர்க்கும் வருவாய் குறைந்தோர்க்கும் அங்கு இடமில்லை. விதியில் எவரையும் விலக்கும் சொல் இராது. விலக்குதல் மட்டும் நடந்தேறும். இதனை உணர்ந்த மினியாப்பொலிஸ் நகரவை 2018-ஆம் ஆண்டு இறுதியில், தனிவீடு மட்டும் கட்டற்குரியனவாக இருந்த பகுதிகளிலும் ஒரு மனையில் மூன்று குடித்தனம்வரை அமையலாம் என்று விதியை மாற்ற முடிவு செய்தது. ஆரிகன் மாநிலம் 2019-இலும் கலிபோர்னியா 2021-இலும் இத்திசையிற் சட்டங்கள் இயற்றின.

முதல் லெவிட்டவுனின் இன்றைய தோற்றம் அதனைக் கட்டியவரே அடையாளம் காண இயலாதது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை மக்கள் எழுபது ஆண்டுகளில் தத்தம் விருப்பப்படி மாற்றிவிட்டனர். ஒருவர் கூரையை உயர்த்தி மாடி எடுத்தார். ஒருவர் பக்கவாட்டில் அறை நீட்டினார். ஒருவர் முகப்புத் தூண் நிறுத்தினார். பழைய உருவம் மாறாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். தென் அமெரிக்க நாட்டுக் குடும்பங்களும், இந்தியா முதலிய ஆசிய நாட்டுக் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன. கறுப்பினத்தார் தொகை மட்டும் இன்றும் மிகச் சிறிதே. ஆல்பிரட் லெவிட் முடிக்காமல் விட்ட கூரையடி இடத்தையும், பின்னர் நீட்டிய அறைகளையும், தனிச் சமையலறை ஒன்று சேர்த்து முதிய பெற்றோர்க்கோ மணமான மகளுக்கோ ஒதுக்கும் வழக்கம் அத்தீவிற் பரவியுள்ளது. அத்தகைய வீட்டைத் ‘தாய் மகள் வீடு’ என்றே அங்குள்ளோர் வழங்குகின்றனர். ஊரவையின் இசைவுச் சீட்டுப் பெற்று அதனை அமைத்துக்கொள்கின்றனர்.